பன்னிரண்டரை நிமிட ஒளி, முப்பது நாள் திரைச்சீலை

ரொறன்ரோவில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். உணவுக்குழாய், மூச்சுக்குழாய், பித்தநாளம் ஆகியவற்றுக்குள் மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்பதும், அந்தக் குழாய் வழியாகவே செய்யக்கூடிய சிகிச்சைகளுக்குக் கைகொடுப்பதும் எங்கள் அன்றாடம். அவற்றுள் ஒன்று, புற்றுநோய்க் கட்டி இருக்கும் இடத்துக்கே ஒளியைக் கொண்டுபோய்க் கொடுப்பது. பி.டி.டி. என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஒளிச் சிகிச்சை என்று இங்கே எழுதுகிறேன். அடிக்கடி வருவதில்லை. வந்தால், அதிலும் தமிழ்க் குடும்பமாக வந்தால், எல்லோரையும் உட்காரவைத்து விளக்குகிற பொறுப்பு என் தலையில் விழும். பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டதை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது. நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளை, இது கரண்ட் பிடிப்பதா?" கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான் நம்மவர் அப்படிச் சொல்வார்கள். இது அதுவல்ல. லேசர் என்றதும் வெட்டுவது, பொசுக்குவது என்று நினைப்பார்கள், அதுவுமல்ல. முதலில் நரம்பில் ஒரு மருந்து ஏற்றுகிறோம். எங்கள் பிரிவில் பயன்படுவது போட்டோஃபிரின். அந்த மருந்து மட்டும் கட்டியை ஒன்றும் செய்யாது. நாங்கள் கொடுக்கும் சிவப்பு ஒளியும் தனியே ஒன்றும் செய்யாது. மருந்து ஊறிய திசுவில் அந்த ஒளி படும்போது, மருந்து தான் வாங்கிய ஆற்றலைப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் செல்களின் சவ்வைச் சிதைக்கிறது. கட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் அடைபடுகின்றன. மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் காரியம் நடக்கும். ஒளி படாத இடத்தில் மருந்து சும்மா கிடக்கும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எல்லோரும் ஆறுதலாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அதன் மறுபக்கம் உறைப்பதற்குச் சற்று நேரமாகும்: எங்கெல்லாம் மருந்து தங்கியிருக்கிறதோ, அங்கெல்லாம் ஒளி படக்கூடாது. மருந்து அதிக நாள் தங்கும் இடங்களில் ஒன்று தோல்.

எங்கள் வாரம் இப்படிப் போகும். திங்கட்கிழமை ஊசி. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 மில்லிகிராம் மருந்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மில்லிகிராம். கரைத்ததும் ஒளி புகாத கருஞ்சிவப்பாக இருக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் மெதுவாக ஏற்றுவோம். நரம்புக்கு வெளியே கசிந்துவிடாமல் பார்ப்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கசிந்தால் அந்த இடத்தைக் குறைந்தது முப்பது நாள் மூடியே வைத்திருக்க வேண்டும். கையில் எரிவோ இறுக்கமோ தெரிந்தால் அப்போதே சொல்லுங்கள், பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள் என்று ஊசிக்கு முன்பே சொல்லிவிடுவேன். நம் ஆட்கள் பொறுமையில் பெயர் வாங்கியவர்கள். இங்கே அது வேண்டாத குணம்.

பிறகு 40 முதல் 50 மணி நேரம் காத்திருப்பு. அதற்குள் பெரும்பாலான நல்ல திசுக்களிலிருந்து மருந்து வடிந்துவிடும், கட்டியில் தங்கிவிடும். புதன்கிழமை ஒளி.

ஒளியை உள்ளே கொண்டுபோவது மெல்லிய ஒரு கண்ணாடி இழை. சாதாரண இழை நுனியிலிருந்து நேராக முன்னே ஒளியை வீசும். உணவுக்குழாய் ஒரு குழாய்; அதன் சுவரில் அல்லவா ஒளி பட வேண்டும்? அதனால் நுனிப்பகுதி முழுவதும் பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் சமமாக ஒளியைக் கசியவிடும் இழையைப் பயன்படுத்துகிறோம். அந்த ஒளிரும் பகுதி 1, 2.5, 5 சென்டிமீட்டர் என வெவ்வேறு நீளங்களில் வரும். கட்டியின் நீளத்தைப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் 300 ஜூல் ஆற்றல். ஒரு சென்டிமீட்டருக்கு 400 மில்லிவாட் என்று வைத்தால் 12 நிமிடம் 30 வினாடி. மூச்சுக்குழாயில் 200 ஜூல் போதும். 8 நிமிடம் 20 வினாடியில் முடிந்துவிடும்.

கேட்கச் சின்ன வேலைபோல இருக்கும். எண்டோஸ்கோப்பின் வாயருகே அந்த இழையைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குத்தான் பன்னிரண்டரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். லேசர் போட்டதும் திரையில் படம் வெளிறிப்போகும், கட்டி தெரியாது. நோயாளி மூச்சு விடுகிறார், உணவுக்குழாய் தன் போக்கில் நெளிகிறது, இழை நழுவப் பார்க்கிறது. இடையிடையே லேசரை நிறுத்தி இடம் சரியா என்று பார்த்துத் தொடர்வோம். நுனியில் இரத்தமோ சளியோ படிந்தால் ஒளி அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். கட்டிக்குப் போவது குறையும். உள்ளே விடுவதற்கு முன் நுனியிலிருந்து வெளிவரும் ஒளியை மீட்டரில் அளக்காமல் நாங்கள் தொடங்குவதில்லை. கருவியின் முகப்பில் ஓர் எண் தெரியலாம். இழை எங்காவது மடங்கி உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தால் நுனிக்கு வருவது வேறாக இருக்கும்.

சிவப்பு ஏன்? இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் மறுபக்கம் சிவப்பாகத் தெரியும் அல்லவா? நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடுகிறது; சிவப்புதான் சதைக்குள் ஓரளவு தூரம் போகிறது. நாங்கள் பயன்படுத்துவது 630 நானோமீட்டர். அதுவும் சில மில்லிமீட்டர்களுக்குத்தான் வலுவோடு இருக்கும். அதனால் தடித்த கட்டியை ஒரே முறையில் அடியோடு எடுத்துவிடும் என்று யாரும் நம்பக்கூடாது. குழாயின் உட்சுவரில் மெல்லிதாகப் படர்ந்த ஆரம்பநிலைப் புற்று, அல்லது வழியை அடைத்து விழுங்கவோ மூச்சுவிடவோ விடாத கட்டி, இவைதான் இதற்கு ஏற்றவை. இன்னும் ஆழமான இடங்களுக்கு ஊசிகளின் வழியே பல இழைகளைத் திசுவுக்குள் நட்டு ஒளி கொடுக்கும் முறையும் உண்டு. அது எங்கள் பிரிவின் வேலை அல்ல.

போட்டோஃபிரின் மிக நன்றாக உறிஞ்சுவது உண்மையில் சிவப்பை அல்ல, 400 நானோமீட்டர் அருகிலுள்ள ஊதா ஒளியை. சிவப்பைச் சுமாராகத்தான் உறிஞ்சும். ஆழம் வேண்டும் என்பதற்காகச் சிவப்பை எடுத்துக்கொள்கிறோம். வெயிலிலோ ஊதாவிலிருந்து சிவப்பு வரை எல்லாமே இருக்கிறது. தோலில் தங்கிய மருந்துக்கு ஆழமும் தேவையில்லை. சன் ஸ்கிரீன் தடவினால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அது புற ஊதாக் கதிரைத் தடுக்கச் செய்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அதன் வழியே போய்விடும். கார் கண்ணாடியும் வீட்டு யன்னல் கண்ணாடியும் அப்படியே. எந்த எண் போட்ட பூச்சாக இருந்தாலும் இந்த மருந்துக்கு முன்னால் கணக்கில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் அல்ல. 1912இல் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஹெமட்டோபோர்ஃபிரின் என்ற பொருளைத் தனக்கே 200 மில்லிகிராம் ஊசி போட்டுப் பார்த்தார். வெயில் பட்ட முகமும் கைகளும் வீங்கிப்போயின. இரண்டு மாதத்துக்கு மேல் அந்த ஒளிக்கூச்சம் நீங்கவில்லை. இன்றைய போட்டோஃபிரின் அந்தப் பொருளின் வழிவந்ததுதான். அதைச் சிகிச்சையாக வளர்த்தெடுத்தவர், எங்கள் ஊரிலிருந்து நயாகராவைத் தாண்டினால் வரும் பஃபலோ நகரின் ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் இருந்த தாமஸ் டோகெர்ட்டி. 25 நோயாளிகளின் 113 தோல் கட்டிகளில் 111 கட்டிகள் முழுதாகவோ ஓரளவோ கரைந்தன என்று 1978இல் அவர் குழு எழுதியது. இந்த மருந்துக்கு முதலில் அனுமதி கொடுத்த நாடு கனடா. 1993இல், சிறுநீர்ப்பைப் புற்றுக்காக. அமெரிக்காவில் 1995இல் உணவுக்குழாய்ப் புற்றுக்கு அனுமதி வந்தது.

இனி வீட்டு விஷயம். நான் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான். ஊசி போட்ட கணத்திலிருந்து குறைந்தது முப்பது நாள் வெயிலும் கடுமையான விளக்கொளியும் தோலில், கண்ணில் படக்கூடாது. சிலருக்கு இது தொண்ணூறு நாள்வரை நீளும். ஆகவே வீட்டை ஊசிக்கு முன்பே தயார் செய்ய வேண்டும். ஊசி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரைச்சீலை தைப்பது நடக்காது. யன்னல்களுக்குத் தடித்த திரை, கூரையில் கண்ணாடி இருந்தால் அதற்கும் மறைப்பு. முன்கதவுக் கண்ணாடியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அன்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போவதே முதல் சோதனை. பல பெரிய மருத்துவமனைகளின் முன்மண்டபம் கண்ணாடிக் கூரையோடு கட்டப்பட்டிருக்கும். நாங்கள் நிலக்கீழ் நடைபாதை வழியாக வண்டி நிறுத்துமிடத்துக்கு நேரே அழைத்துப்போவோம். ஒரு முறை, உடம்பு முழுக்க மூடிக்கொண்டு காரில் ஏறிய ஒருவர், வழியில் தொலைபேசித் திரையைத் தொடுவதற்காக ஒரு கையுறையைக் கழற்றினார். மகனோடு கொஞ்ச நேரம் பேசினார். மாலைக்குள் அந்தப் புறங்கை மட்டும் வீங்கிக் கொப்புளம் கண்டது. அன்றிலிருந்து வழியில் தொலைபேசியைத் துணைக்கு வருபவரிடம் கொடுத்துவிடச் சொல்கிறேன்.

துணி விஷயத்தில் ஒரு சோதனை: உடுப்பை விளக்குக்கு எதிரே பிடியுங்கள்; விளக்கு தெரிந்தால் அது உதவாது. மெல்லிய பருத்திச் சட்டைகள் பாதிக்கு மேல் இதில் தோற்றுவிடும். சேலை கட்டுகிறவர்களுக்கு இடுப்பு; செருப்புப் போடுகிறவர்களுக்குப் பாதத்தின் மேல்பக்கம்; ஆண்களுக்கு வழுக்கை, காது, பிடரி; பெண்களுக்குத் தலை வகிடு. எரிந்துபோய் வருவது பெரும்பாலும் இந்த இடங்கள்தான். கண்ணுக்குச் சாதாரண கூலிங் கிளாஸ் போதாது. வெள்ளொளியில் 4 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளே விடுவது வேண்டும். தொப்பி, கையுறை, கண்ணாடி, ஒரு தடித்த போர்வை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வாசலருகே மாட்டி வைக்கச் சொல்வேன். பட்டப்பகலில் கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்தால் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

"நாங்கள் கறுத்த ஆட்கள், யாழ்ப்பாணத்து வெயிலில் தோட்டம் கொத்தினவர்கள், இந்தக் கனடா வெயில் எங்களை என்ன செய்யும்?" இதை ஐயாமார் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். மருந்து ஏறியவருக்கு விதி ஒன்றுதான். இன்னொன்றும் உண்டு: கையேடுகளில் "சிவந்தால் எச்சரிக்கை" என்று இருக்கும். கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவு தெளிவாகத் தெரியாது. சுள்ளென்ற எரிவு, குத்தல், வீக்கம் இவற்றைத்தான் அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவில் வெயிலைவிடப் பனி ஏமாற்றும். பெப்ரவரி மாதத்தில் வெளியே சூடே இல்லை, ஆனால் வெண்பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து முகத்தில் அடிக்கும். தொப்பியின் விளிம்பு அதை மறைக்காது. மற்றபடி குளிர்காலம் நல்லது, நாலரை ஐந்து மணிக்கே இருட்டிவிடும், நடக்கப் போகலாம். ஜூன் மாதத்தில் ஒன்பது மணிவரை வெளிச்சம். கோடையில் தேர்த்திருவிழாவுக்குப் போயே தீருவேன் என்று ஓர் அம்மா அடம்பிடித்தார். விழுங்க முடியாமல் மெலிந்துகொண்டே போனவர். சிகிச்சையைத் தள்ளிப்போட இடமில்லை. கடைசியில், இரவு வீதியுலாவுக்கு மட்டும் பிள்ளைகள் கூட்டிப்போவதாக ஒப்பந்தமாயிற்று. வீட்டில் சுவாமி விளக்கு ஏற்றலாமா என்றும் அவர் கேட்டார். தாராளமாக ஏற்றலாம், தொலைக்காட்சியும் பார்க்கலாம்.

இங்கே எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பயத்தில் சிலர் முப்பது நாளும் குகைபோல இருட்டறையில் இருந்துவிடுவார்கள். அது கூடாது. வீட்டுக்குள் இருக்கிற மிதமான வெளிச்சம் தோலில் மிஞ்சியிருக்கும் மருந்தைச் சிறிது சிறிதாகச் சிதைத்துச் செயலிழக்கச் செய்கிறது. இருட்டில் இருந்தால் அது அப்படியே கிடக்கும். தவிர்க்க வேண்டியது நேரடி வெயில், முகத்துக்கு அருகே மறைப்பில்லாத பல்பு, பல் மருத்துவரின் விளக்கு, அறுவைக்கூட விளக்கு. வேறு ஏதாவது காரணத்துக்காக அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் முதலில் சொல்ல வேண்டிய தகவல் இதுதான். எந்த மருந்து, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்காகவே நான் கூடுதலாகக் கேட்கும் கேள்வி, என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பது. நீரிழிவுக்கான சல்போனைல்யூரியா வகை மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கான தயசைட் வகை, சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவை ஒளிக்கூச்சத்தை இன்னும் கூட்டக்கூடும். தாமாக நிறுத்திவிடாமல் பட்டியலோடு வந்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்தே கூடாது.

சிகிச்சைக்குப் பின் உடம்புக்குள் நடப்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உணவுக்குழாயில் ஒளி வாங்கியவருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் கடுமையான வலி வரலாம். மாரடைப்போ என்று வீடே கலங்கும். காய்ச்சலும் வரலாம். இது சிகிச்சையின் வலிதான் என்று வீட்டில் நீங்களே தீர்ப்பு எழுதாமல் எங்களை அழையுங்கள். முதல் சில நாள் வீக்கத்தால் விழுங்குவது முன்பைவிட மோசமாகும். ஆறிய கஞ்சி, வடித்த சூப் என்று நீராகாரத்தோடு இருக்க வேண்டும். "விழுங்கத்தானே செய்தீர்கள், இப்போது தண்ணீரும் இறங்கவில்லையே" என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது, முன்பே சொல்லியிருந்தால் வராது. பின்னர் சிலருக்கு அந்த இடம் தழும்பேறிச் சுருங்கும். அதை விரித்துவிட மறுபடி வர வேண்டியிருக்கும்.

மூச்சுக்குழாய் என்றால் வெள்ளிக்கிழமை முக்கியம். செத்த திசு சவ்வாகப் பெயர்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். ஒளி கொடுத்து இரண்டு மூன்று நாளில் மறுபடி பிராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாயைப் பார்க்கும் குழாய்) விட்டு அதை எடுத்தே ஆக வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இன்னொரு தடவை என்று சொல்லித் தவிர்க்கக்கூடாத ஒன்று இது. மூச்சே நின்றுபோகும் அளவுக்கு அடைக்கக்கூடியது. தேவைப்பட்டால் அன்றைக்கே, புதிதாக ஊசி போடாமல், இரண்டாவது முறை ஒளி கொடுக்கவும் முடியும்.

இவ்வளவு பாடும் பட்டுச் செய்யத்தக்கதா? எல்லோருக்கும் ஆம் என்று நான் சொல்லமாட்டேன். பித்தநாளப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை செய்ய முடியாதவர்களுக்கு ஸ்டென்ட் (அடைபட்ட நாளத்தைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) மட்டும் வைத்தால் உயிர்வாழும் காலத்தின் இடைநிலை 98 நாள், ஒளிச் சிகிச்சையும் சேர்த்தால் 493 நாள் என்று 2003இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. அதில் இருந்தவர்கள் 39 பேர். பிறகு பிரிட்டனில் 92 பேரைக் கொண்டு செய்து 2018இல் வெளியான ஆய்வில் கணக்கு தலைகீழானது: ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் 9.8 மாதம், ஒளியும் பெற்றவர்கள் 6.2 மாதம். முதல் ஆய்வை மட்டும் அச்செடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் இரண்டாவதையும் படிக்கச் சொல்கிறேன். ஆயுளில் மிச்சம் கொஞ்சம்தான் என்றிருக்கும் ஒருவரிடமிருந்து வெயிலில் உட்காரும் ஒரு மாதத்தையும் இது எடுத்துக்கொள்கிறது. வீட்டு முற்றமே உலகமாக இருக்கிறவருக்கு அது சின்ன விலை அல்ல. தண்ணீரும் இறங்காமல் தவிக்கிறவருக்கு, மறுபடி ஒரு வாய் சோறு விழுங்க முடிந்தால், அதே விலை ஒன்றுமேயில்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியது, இது குணமாக்கவா, அடைப்பை நீக்கவா என்பதைத்தான். பதிலைக் கேட்டு நோயாளியே முடிவெடுக்கட்டும். மருமகனும் மூத்த மகளும் அல்ல.

முப்பது நாள் முடிந்ததும் நேரே வெளியே பாய்ந்துவிடக்கூடாது. ஒரு காகிதப் பையில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஓட்டை வெட்டுங்கள். கையை உள்ளே விட்டு, புறங்கையில் அந்த வட்டத்தில் மட்டும் வெயில் படும்படி பத்து நிமிடம் வையுங்கள். அடுத்த 24 மணி நேரத்தில் எரிவு, வீக்கம், கொப்புளம் ஏதும் இல்லையென்றால் முதலில் நிழலில், பிறகு சிறிது சிறிதாக வெளியே வரலாம். ஏதாவது தெரிந்தால் இன்னும் இரண்டு வாரம் பழையபடி இருந்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். முகத்தில் இந்தச் சோதனை வேண்டாம். கண்ணைச் சுற்றியுள்ள தோல் மிகவும் மென்மையானது. ரொறன்ரோவில் ஜனவரி மாதத்தில் தேறிவிட்டேன் என்று அடுத்த வாரமே யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுக்கிறவர்கள் அந்தக் காகிதப் பையையும் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அதிகமான ஊருக்குப் போனால் அங்கே இறங்கி, அந்த ஊர் வெயிலில் மறுபடி சோதித்த பிறகுதான் முற்றத்துக்கு வர வேண்டும்.